உன்னைச் சொல்லலம்மா

முகங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. தலைகள் நிற்கும். நாள் முழுக்க நாற்காலிக்குப் பின்னால் நின்று வேலை பார்ப்பவளுக்கு முகம் எங்கே தெரிகிறது? கண்ணாடியில் தெரிவதும் இடம் வலம் மாறிய முகம்தான். தெருவில் ஒருவர் எதிரே வந்து நின்று "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன். அவரே என்னைக் கடந்துபோய் முதுகைக் காட்டிவிட்டால், அட, நம்ம இரட்டைச் சுழி என்று உடனே தெரிந்துவிடும்.

ஆண்களுக்கு முடி வெட்டுவது என் தொழில். இரண்டு நாற்காலி, தலை கழுவ ஒரு தொட்டி, தெருவைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கதவு, அவ்வளவுதான் கடை. எல்லோரும் பேச்சுக்குச் சொல்கிற 'தலைக்கு மேல வேலை' எனக்கு மட்டும் நிஜம். வெட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைத் தேடி வருகிறவர்கள் வெட்டி முடித்த பிறகு நடக்கிற வேலைக்காக வருகிறார்கள். முடியை நிற்கவும் படியவும் வைக்கிற வாக்ஸ் போடுவதற்கு. ஒரு டப்பா வாங்கித் தலையில் தேய்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டுமா என்று சிரிப்பார்கள். அப்படித் தாங்களே தேய்த்துக்கொண்டுதான் பாதிப் பேர் எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்த தலையோடு திரிகிறார்கள்.

அடர்ந்து குத்திட்டு நிற்கிற முடிக்குக் கெட்டி வாக்ஸ் வேண்டும். அதுவும் சூடான காற்றடித்து முடியை முதலில் வழிக்குக் கொண்டுவந்த பிறகு. சுருள் முடிக்கு இளகின வாக்ஸ், ஈரம் காய்வதற்குள். சீப்பைப் பக்கத்திலேயே விடக்கூடாது, விரலால் கசக்கிவிட்டால் போதும். வழுக்கிக்கொண்டு நெற்றியில் விழுகிற நேர்முடிக்கு நார்நாராக இழுபடுகிற வகை. இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். மெல்லிய முடிக்குத்தான் கை வேண்டும். ஒரு மிளகு அளவு எடுக்க வேண்டும், பளபளப்பு இல்லாததாக. தலை சருகு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் வாக்ஸ் இருந்த சுவடே போகிற வரைக்கும் தேய்த்து, பின்னந்தலையில் ஆரம்பித்து, வேருக்குள் விரலை நுழைத்துத் தூக்கிவிட வேண்டும். முன்நெற்றிக்குக் கடைசியில்தான் வர வேண்டும், விரலில் மிச்சம் மீதி ஒட்டியிருப்பதோடு. கொஞ்சம் கூடினாலும் நாலு நாலு முடியாக ஒட்டிக்கொண்டு மண்டை வெளியே எட்டிப் பார்க்கும்.

அப்படி மெல்லிய முடிக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் என்னிடம் வருவார். ஏதோ ஒரு அலுவலகத்தில் பெரிய பதவி. நான் யாருடைய பெயரையும் கேட்பதில்லை, நானே ஒன்று வைத்துக்கொள்வேன். இவருக்கு வைத்தது பட்டு சார். முடி அவ்வளவு மெல்லிசு. உச்சியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே கிடையாது. அது வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் காத்து வந்தவள் நான். சுற்றியிருக்கிற முடியை எந்தப் பக்கம் தூக்கி எந்தப் பக்கம் சாய்த்தால் அந்த இடம் மறையும் என்பது அவருக்கே தெரியாது, என் விரலுக்குத் தெரியும். அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி. தன் அலுவலகத்து ஆட்கள் சிலரையும் என்னிடம் அனுப்பிவைத்தார். அதில் ஒருவர் சுருள்முடிக்காரர், வாயாடி, ஸ்பிரிங் என்று பெயர் வைத்தேன். "உங்களைப் பத்தி எங்க சார் பேசாத நாளில்லக்கா. என் பொண்ணு மாதிரின்னு சொல்வாரு" என்று ஸ்பிரிங் வந்து சொன்னபோது எனக்குக் கொஞ்சம் உச்சி குளிர்ந்துதான் போனது. இப்போது நினைத்தால் எரிகிறது.

வீட்டில் நான், அம்மா, தம்பி. தம்பி சின்னவனாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். நான் முதன்முதலில் கத்தரிக்கோல் பிடித்தது அவன் தலையில்தான். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார வைத்து, காதுக்கு மேலே ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் வெட்டிவிட்டு, அழுதவனைச் சமாதானம் செய்ய நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இன்றுவரை அவன் தலையில் வேறு யாரும் கை வைத்ததில்லை. முள்ளம்பன்றி முடி. நான் கற்ற வித்தை எல்லாம் முதலில் அந்தத் தலையில் பரீட்சை எழுதியதுதான்.

அவன் கூட வேலை பார்க்கிற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். பெண் வீட்டில் நம்மைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று வந்து நின்றான்.

"நீ என்ன பண்றேன்னு கேட்டா என்னக்கா சொல்றது?"

"முடி வெட்றான்னு சொல்லு."

"யாருக்குன்னு கேப்பாங்களே."

"முடி இருக்கறவங்களுக்குன்னு சொல்லுடா."

அவன் சிரிக்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்தாள். இந்தப் பேச்சை இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அவள் வந்த வேகத்திலேயே தெரிந்தது. "ஆம்பளைங்க தலையைத் தடவற வேலைன்னு சம்பந்தி வீட்டுல சொல்ல முடியுமாடி? குடும்பத்துக்கே தலைகுனிவு."

தலைகுனிவாம். என் கடைக்கு வருகிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருந்தாலும் பிடரியை வழிக்கும்போது தலை குனிந்துதான் ஆக வேண்டும். அதில் யாருக்கும் மானம் போனதாக நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்தக் குனிந்த தலைகளால்தான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை. சொன்னால் குத்திக்காட்டுகிறேன் என்பாள்.

"ஒரே ஒரு வார்த்தைதானேக்கா" என்றான் தம்பி. "சலூன்னு சொல்லாம பார்லர்னு சொல்லிடலாம். லேடீஸ் பார்லர். கல்யாணம் முடிஞ்சப்பறம் யாரு வந்து பாக்கப்போறாங்க?"

அவன் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். "நீ வராம எனக்கு ஒண்ணும் நடக்காதுக்கா. வரவேற்பன்னிக்கு அப்பா இடத்துல நீதான் என் பக்கத்துல நிக்கணும். நீ இல்லாத போட்டோல நானும் நிக்க மாட்டேன், பாத்துக்கோ."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். மேடை, விளக்கு, அவன் பக்கத்தில் நான். அதற்காக ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். "சரிடா" என்றேன்.

பெண் வீட்டார் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை. காலையில் மட்டும் கடையைத் திறந்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். வழக்கமில்லாத வழக்கமாகப் பட்டு சார் உள்ளே வந்தார்.

"என்ன சார், வெள்ளிக்கிழமைதானே வந்துட்டுப் போனீங்க?"

"சாயங்காலம் பையன் வீட்டைப் பாக்கப் போறோம்மா. பொண்ணுக்கு ஒரு இடம் வந்திருக்கு. மொத தடவை போறோம், கொஞ்சம் பாந்தமா இருக்கட்டும்னு வந்தேன்."

எனக்குச் சந்தோஷம்தான். துண்டைப் போர்த்தி, தலையைக் கழுவி, காயவைத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். "பையன் தங்கம். அவ கூடவே வேலை பாக்கறவன். அப்பா இல்ல. அம்மா, ஒரு அக்கா."

காற்றடிக்கிற கருவியை அணைத்தேன். டப்பாவைத் திறந்து மிளகு அளவு எடுத்துக் கையில் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்த அக்கா பார்லர் வெச்சிருக்காளாம். லேடீஸ் பார்லர்னு சொன்னாங்க, அதனாலதான் சரின்னேன். இந்தக் காலத்துல சில பொண்ணுங்க ஆம்பளைங்களுக்கே வெட்டக் கெளம்பிட்டாளுங்க. எவன் எவன் தலையையோ தொடறது. அப்படிப்பட்ட வீட்டுல எப்படிம்மா பொண்ணைக் குடுக்கறது?"

என் விரல்கள் அப்போது அவருடைய உச்சிக்குப் பக்கத்தில் இருந்தன. அவை நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உன்னைச் சொல்லலம்மா" என்றார்.

அவர் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் கொடுமை. என்னைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு, என்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு நிஜமாகவே தோன்றவில்லை. நான் அவருக்கு ஒரு கை. கைக்கு வீடு இருக்கும், அம்மா இருப்பாள், தம்பி இருப்பான், அவனுக்கு ஒருநாள் கல்யாணம் நடக்கும் என்று யார் நினைக்கப்போகிறார்கள்?

ஒரு மிளகை இரண்டு மிளகாக்கினால் போதும், மனிதர் சாயங்காலம் நடு மண்டையைக் காட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கை துடித்தது. ஆனால் தம்பிக்கு மாமனாராக வருகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்றும் அந்த நேரத்தில் தோன்றித் தொலைத்தது. ஒழுங்காகவே போட்டுவிட்டேன். எங்கள் வீடு பெண் கொடுக்கத் தகுந்த வீடுதானா என்று பார்க்க, என் கையாலேயே தலை திருத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் அம்மா தட்டைக் கையில் கொடுத்துக் கூடத்துக்கு அனுப்பினாள். அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னந்தலையிலிருந்து உச்சி வரைக்கும் நான் காலையில் தூக்கிவிட்ட முடி ஒன்றுகூடக் கலையாமல் இருந்தது. சுற்றிக்கொண்டு முன்னால் போய்த் தட்டை நீட்டினேன். நிமிர்ந்தார். முதலில் அவர் கைதான் போனது, நேராக உச்சிக்கு. பிறகுதான் வாய் திறந்தது.

"வணக்கம்மா. நீங்கதான் பையனோட அக்காவா?"

காலையில் 'நீ' என்று சொன்ன வாய்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் மனைவி வெள்ளந்தியான அம்மாள். "உங்க பார்லர் எங்கேம்மா இருக்கு? நானும் ஒருநாள் வரேன்" என்றார். அம்மா அவசரமாக வேறு பேச்சை எடுத்தாள். அந்த அம்மாள் விடவில்லை. "இவருக்குத் தலை விஷயத்துல ரொம்ப கண்டிப்பு. வெள்ளிக்கிழமையானா ஒரு கடைக்குப் போவாரு. அங்க ஒரு வயசான மாஸ்டர் இருக்காராம், அவர் கை பட்டாத்தான் இவருக்கு ஆகும். இல்லீங்க?"

"உம்" என்றார் பட்டு சார். காபி புரையேறியது.

வயசான மாஸ்டர். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் வீட்டில் அவர் ஒரு வார்த்தையை மாற்றி வைத்திருக்கிறார், என் வீட்டில் நாங்கள் ஒரு வார்த்தையை மாற்றி வைத்திருக்கிறோம். அவரும் வாய் திறக்க முடியாது, நானும் திறக்க முடியாது. கல்யாணம் நிச்சயமானது. தலை தப்பியது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஸ்பிரிங்கும் மற்றவர்களும் எப்போதும்போல வந்தார்கள். "எங்க சார் ஏன்க்கா இப்பல்லாம் வர்றதில்ல? பொண்ணு கல்யாண அலைச்சல் போல" என்றார் ஸ்பிரிங். இருக்கும் என்றேன்.

வரவேற்பு ஒரு வாடகை மண்டபத்தில். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு நடை, நடையின் கடைசியில் கண்ணாடியும் கைகழுவும் தொட்டியும் உள்ள ஓர் அறை. மத்தியானமே என் பெட்டியோடு அங்கே போய்விட்டேன். எங்கள் பக்கத்து ஆண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் அப்போது தலைகுனிவு ஞாபகம் வரவில்லை.

மாமாவுக்குக் கம்பளிச் சுருள். தண்ணீரைத் தெளித்து, இளகின வாக்ஸைக் கசக்கிவிட்டுக்கொண்டிருக்கும்போதே சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

"ஒரு வாரு வாரிக்கறேனே."

"வாருனா பொம்மைக்குப் பஞ்சு பிரிச்ச மாதிரி ஆயிடும் மாமா. கையைக் கட்டிட்டுச் சும்மா இருங்க."

"உன் அத்தைகூட என்னை இப்படி மெரட்டினதில்ல" என்று எழுந்து போனார்.

தம்பியைக் கடைசியில் உட்கார வைத்தேன். சூடான காற்றடித்து, கெட்டி வாக்ஸை நகத்தின் பின்புறத்தால் வழித்தெடுத்து, கையில் உருக்கி, பின்னாலிருந்து முன்னுக்கு வந்தேன். முள்ளம்பன்றி படிந்தது. சட்டைக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தேன். கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"கூப்பிட்டு அனுப்பறேன், உடனே வந்துடணும். அப்பா இடம் காலியா இருக்கக் கூடாது."

"போடா, வரேன்."

அவன் போனான். நான் புதுப்புடவையில் ஒட்டியிருந்த முடித்துணுக்குகளைத் தட்டிவிட்டு, சீப்புகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது, உடனே மூடிக்கொண்டது. பட்டு சார்.

யாரோ ஒரு புண்ணியவான் பளபளக்கிற வாக்ஸை ஈரத் தலையில் அப்பி அனுப்பியிருந்தான். முடி நாலு நாலாக ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. உச்சி முழுக்க வெட்டவெளி.

"அம்மா, இதைக் கொஞ்சம் பாரும்மா" என்றார். கதவைச் சாத்தியதும் நான் மறுபடி 'நீ' ஆகிவிட்டேன். "புதுசா ஒரு எடத்துக்குப் போனேன். கெடுத்துட்டான். இந்த வெளிச்சத்துல எப்படி மேடையேறுவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. கெட்டுப்போன தலையைப் பார்த்தால் அது யாருடையது என்று எனக்குத் தோன்றாது, கை பரபரக்கும். உட்காரச் சொன்னேன். உலர்ந்த துண்டால் பசையை ஒற்றி எடுத்தேன். பவுடர் தூவி, ஊதி, முடியைப் பிரித்தேன். டப்பாவைத் திறந்து மிளகு அளவு எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"இன்னொரு சின்ன விஷயம்மா" என்றார். "என் ஆபீஸ் ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க. உன் கடைக்கு வர்றவங்கதான், நான்தான் அனுப்பி வெச்சேன். நீ மேடையில நின்னா கண்டுபிடிச்சுடுவாங்க. அப்பறம் ஆபீஸ் முழுக்க அதான் பேச்சு. அதனால போட்டோ முடியறவரைக்கும் நீ இந்த ரூமுலயே இருந்துடேன்."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நான் உன்னைச் சொல்லலம்மா. நாலு பேர் வாய் இருக்கே."

உள்ளங்கை சுட்டது. தேய்த்த சூடா, வயிற்றெரிச்சலா தெரியவில்லை. இந்தத் தலையை இத்தனை காலம் நாலு பேர் கண்ணிலிருந்து மறைத்தவள் நான். அந்த நாலு பேரும் இந்த ஆள் கைகாட்டி என்னிடம் வந்தவர்கள். இப்போது அவர்கள் கண்ணிலிருந்து என்னை மறைக்க வேண்டுமாம். எப்படியாவது இவரைக் குத்த வேண்டும் என்று இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"சார், நான் லேடீஸ் பார்லர்தானே வெச்சிருக்கேன். ஆம்பளைங்க தலையை நான் தொடறதில்ல."

சுருக்கென்று தைக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"அதேதான்மா! யார் கேட்டாலும் அப்படியே சொல்லு. புத்திசாலிப் பொண்ணு நீ." பிறகு கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பதான் கதவு சாத்தியிருக்கே. சீக்கிரம் போட்டு விடு."

இந்த மனிதரிடம் எந்தச் சொல்லும் செல்லாது என்று அப்போதுதான் புரிந்தது. நேராகப் போய்க் கதவை அகலத் திறந்து, அது மூடாமல் என் பெட்டியை எடுத்து முட்டுக் கொடுத்தேன். நடையில் சனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

"என் கடைக்குக் கண்ணாடிக் கதவு சார். ஒளிச்சு வேலை பாத்து எனக்குப் பழக்கமில்ல. நாற்காலியை இப்படி வாசலைப் பாக்கத் திருப்பிப் போடறேன், உக்காருங்க. ஒரு நொடி வேலை. மாப்பிள்ளையோட அக்கா போட்டு விட்டான்னு சொல்லிக்கலாம்."

அவர் நடையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். பவுடர் பூத்த உச்சியை ஒரு தரம் தொட்டுப்பார்த்தார். பிறகு எழுந்து தொட்டிக்குப் போய், குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டு, கையாலேயே படிய வாரிக்கொண்டார். நான் பிரித்துவைத்தது அத்தனையும் ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தை மறைக்க மழைநாளில்கூடக் கடைக்கு வந்தவர் அவர். என் கை தன் தலையில் இருப்பதை நாலு பேர் பார்ப்பதைவிட வழுக்கை தெரிந்தாலே தேவலை என்று முடிவு செய்துவிட்டார்.

அப்போதுதான் தம்பி வந்தான். "அக்கா, போட்டோவுக்கு..." என்று ஆரம்பித்தவன் மாமனாரைப் பார்த்ததும் நின்றான். அவன் பின்னாலேயே இன்னொரு தலை எட்டிப் பார்த்தது. சுருள் சுருளாக.

"சார், உங்களை எங்கெல்லாம் தேடறது!" என்று உள்ளே வந்த ஸ்பிரிங் என்னைப் பார்த்துவிட்டார். "அட, அக்கா! நீங்க எங்க இங்க?"

பட்டு சாரின் நெற்றியில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தலை அலங்காரத்துக்கு வரச் சொல்லியிருக்கு. மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடு."

"அப்படியா! நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்கீங்க" என்று ஸ்பிரிங் தம்பி பக்கம் திரும்பினார். "நீங்களா வரச் சொன்னீங்க மாப்பிள்ளை? எங்க ஆபீஸ்ல பாதி தலை இவங்க கைதான், தெரியுமா?"

நான் தம்பியைப் பார்த்தேன். நானே சொல்லியிருக்கலாம். இவன் என் தம்பி என்று மூன்று வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் அவன் சொல்ல வேண்டும் என்றிருந்தது எனக்கு. நான் சொல்லி அவன் ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது? அவன் மாமனாரைப் பார்த்தான். பிறகு என் பக்கம் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். மாமனார் அவன் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். இருவரும் நடையில் போவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒன்று ஒட்டிப்போய் மண்டை தெரிகிற தலை. இன்னொன்று நான் படியவைத்த முள்ளம்பன்றி, ஒரு மயிரிழைகூட எழும்பாமல். அது ஒருமுறையாவது திரும்பும் என்று பார்த்தேன். மேடைப்பக்கம் யாரோ எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். இரண்டு தலையும் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டன.

உள்ளங்கையில் வாக்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அதைத் தண்ணீரில் கழுவினால் போகாது. புடவையில் துடைக்கவும் மனம் வரவில்லை.

ஸ்பிரிங் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "அக்கா, வந்தது வந்தேன், எனக்கும் ஒரு கை போட்டு விடறீங்களா? போட்டோ எடுக்கறாங்க பாருங்க" என்று அந்த நாற்காலியில் தானாகவே உட்கார்ந்துவிட்டார். கதவு திறந்து கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கையைத் துண்டில் துடைத்துவிட்டுத் தண்ணீர் தெளித்தேன். இளகின டப்பாவைத் திறந்தேன்.

"மாப்பிள்ளை தலை பிரமாதமா இருக்குக்கா" என்றார் அவர். "அதுவும் உங்க வேலைதானா?"

"ஆமா சார்" என்றேன். "அவனுக்கு..."

கண்ணாடியில் அவர் கண் நிமிர்ந்தது.

"அவருக்கு நான்தான் போட்டு விட்டேன்."